யபாடே என்று சொல்லிவிட்டு வந்தவன்

மல்லிகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு நான் சொல்ல வேண்டியதையெல்லாம் அவளே சொல்லிவிடுகிறாள். நானும் நல்லதாய்ப் போயிற்று என்று விட்டுவிடுகிறேன். அதனால் அவள் தாகேதாவில் இருக்கிற உன் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். மின்விசிறி நின்று ஒரு மணி நேரம் ஆகிறது, ரங்கூனில் கரண்ட்டு எப்போது வரும் என்று கேட்காதே. பால்கனிக் கதவைத் திறந்து வைத்தால் பசுந்தாங் ஓடைப் பக்கமிருந்து கொஞ்சம் காற்று வருகிறது, கூடவே கருவாட்டு வாசனையும் வருகிறது. எழுதி முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்புவேன். வரிசை மாறி வந்தால் கோபித்துக்கொள்ளாதே.

உனக்குத் தமிழ் வாசிக்கத் தடுமாறும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோவில் வகுப்பில் படித்த தமிழ்தானே. பர்மியத்தில் எழுதினால் ஒரே மூச்சில் படித்துவிடுவாய். ஆனால் பர்மியத்தில் எழுதினால் நான் ஒளிந்துகொள்வேன். அதில் ஒரு சொல் இருக்கிறதே, யபாடே. முடியும், ஆகட்டும் என்றும் அதற்கு அர்த்தம். பரவாயில்லை, வேண்டாம் என்றும் அதற்கு அர்த்தம். சொல்கிறவன் மனத்தில் எது இருக்கிறது என்று கேட்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அறுபத்தெட்டு வயது வரைக்கும் அந்த ஒரு சொல்லை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன். தமிழில் அந்த வசதி இல்லை. வேணும் என்றால் வேணும், வேணாம் என்றால் வேணாம். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். மெதுவாகப் படி.

போன ஆகஸ்டில் உன் கல்யாணத்துக்கு ஷெஃபீல்டு வந்தேனே, அதைப் பற்றித்தான். ஊருக்குத் திரும்பியதும் எல்லாரிடமும் மலை அழகு, ஆடு அழகு, டிராம் வண்டி அழகு என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

அந்த ஊர்ப் பெயர் உனக்கு ஆஸ்பத்திரி வேலை உத்தரவில் வருவதற்கு ரொம்ப வருஷம் முன்பே எனக்குப் பழக்கம். கடைசல் பட்டறையில் சேர்ந்த புதிதில் முதலாளி ஓர் அரத்தைக் கையில் கொடுத்து, "இது செப்பீல் அரம், தரையில போட்டா தோலை உரிச்சிருவேன்" என்றார். அரத்தின் வாலில் ஆங்கிலத்தில் எழுத்து வெட்டியிருந்தது. செப்பீல் என்பது ஒரு வகை அரம் என்றுதான் பட்டறையில் இருந்த நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நீ வந்து, "அப்பா, ஷெஃபீல்டுல வேலை கிடைச்சிருக்கு" என்றபோது நான், "அரத்துக்குப் பேர் போன ஊரா?" என்று கேட்டேன். நீயும் அம்மாவும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

சிரித்து முடித்ததும் நீ என் முகத்தைப் பார்த்து, "போகட்டுமாப்பா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "யபாடே, உன் இஷ்டம்." போகாதே என்பதுதான் என் மனத்தில் இருந்தது. இன்னொரு தடவை கேட்பாய், அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். நீ பெட்டி வாங்கப் போய்விட்டாய். நீ போனது நல்லதுதான், அதில் எனக்கு இப்போது வருத்தமில்லை. மனத்தில் இருந்ததை உன்னிடம் சொல்லாமல் அனுப்பினேனே, அதுதான் தப்பு.

இந்தப் பழக்கத்தை உனக்கும் நான்தான் ஊட்டினேன். அடுத்த வீட்டு அம்மா டோ மியா மொஹிங்கா மீன்சாறு காய்ச்சினால் நம் வீட்டுக்கும் வாசனை வரும். உனக்கு அப்போது ஆறு வயது இருக்கும். அவர் கூப்பிட்டு, "சாப்பிடுறியா?" என்று கேட்டால் முதல் தடவை யபாடே சொல்ல வேண்டும், இரண்டாவது தடவையும் யபாடே சொல்ல வேண்டும், மூன்றாவது தடவை கேட்டால்தான் கிண்ணத்தை வாங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். மறந்துவிட்டால் கண்ணை உருட்டுவேன். ஒருநாள் டோ மியா இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டார். உள்ளே அவர் தங்கைக்குக் காய்ச்சலோ என்னவோ, அவசரம். நீ வெறும் வயிற்றோடு வந்து கதவருகில் நின்று, உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாய். நான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். பட்டறையில், டீக்கடையில், கோவிலில், போன இடமெல்லாம், "பசியிலும் என் மகள் முறை தவறலை" என்று சொல்லிச் சிரித்தேன். பிள்ளை பசியோடு நின்றதில் அப்படி என்ன பெருமையடா உனக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

சரி, ஷெஃபீல்டுக்கு வருகிறேன். வந்த மூன்றாம் நாள் நீயும் மாப்பிள்ளை டேவிட்டும் என்னை அந்தப் பழைய இரும்பு ஆலைக்குக் கூட்டிப் போனீர்கள். ஆலை நின்றுபோய் அருங்காட்சியகம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் சின்னப் பட்டறை ஓடிக்கொண்டிருந்தது. என் வயதுக்காரர் ஒருவர் கத்திக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தார். தீப்பொறி பறக்கும் விதத்தைப் பார்த்ததுமே கை தேர்ந்தவர் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் பட்டறைக்காரன்தான் என்று டேவிட் அவரிடம் சொன்னான். மனுஷன் முகம் மலர்ந்து, தன் மேலங்கியையே அவிழ்த்து என்னிடம் நீட்டினார். ஒரு கத்தி பிடித்துப் பாருங்கள் என்கிறார் என்று நீ சொன்னாய். எனக்குக் கை துறுதுறுவென்று இருந்தது. வாய் என்ன சொன்னது? "நோ, நோ, தேங்க் யூ." அவர் தலையாட்டிவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவிடம் அங்கியைக் கொடுத்துவிட்டார். அந்த அம்மா கத்தியைப் பிடித்த கோணம் இருக்கிறதே, பார்க்கவே வயிறு எரிந்தது. திரும்பி வரும்போது டிராமில், "அவர் ஏன் இன்னொரு தடவை கேக்கலை?" என்று கேட்டேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "இங்க ஒரு தடவைதாம்பா கேப்பாங்க. வேணாம்னா வேணாம்னு எடுத்துக்குவாங்க. அதுதான் மரியாதை" என்றாய். அதை நீ எனக்காகத்தான் சொன்னாய் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

டேவிட் கதை வேறு. நீ அவனுக்கு யபாடே என்றால் ஓகே என்று சொல்லிக் கொடுத்திருந்தாய். டீ ஊற்றட்டுமா என்று கேட்பான், நான் யபாடே என்பேன், அவன் ஊற்றிவிடுவான். உருளைக்கிழங்கு, யபாடே, தட்டு நிறையும். ஒரு வாரத்தில் எனக்குக் கோட்டின் பொத்தான் போட முடியவில்லை. ரங்கூனில் மூன்று தடவை கேட்க வைத்து வாங்கிச் சாப்பிட்டதைவிட அந்த வீட்டில் ஒரே தடவையில் அதிகம் சாப்பிட்டேன். அந்தச் சொல்லின் ஒரு பாதிதான் மருமகனுக்குத் தெரியும். மகளுக்கு இரண்டு பாதியும் தெரியும். அதனால் உன்னிடம்தான் நான் கவனமாக இருந்திருக்க வேண்டும்.

ஊருக்கு வெளியே டேவிட்டின் அப்பா கீத் வீட்டுக்குப் போன நாளை மறக்கவே முடியாது. அரைமணி நேரத்தில் நகரம் முடிந்து மலை வந்துவிட்டது. சாந்து பூசாமல் கல்லைக் கல்மேல் அடுக்கியே மைல் கணக்கில் மதில் கட்டியிருக்கிறார்கள், ஒரு கல் சரியவில்லை. மேலே போகப் போக மலை முழுக்க ஊதாப் பூ. கீத் தடியை எடுத்துக்கொண்டு நம்மை நடக்கக் கூட்டிப் போனார். ஒரு மதிலில் கல் படி வைத்திருந்தது, அதில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் யாருடைய மேய்ச்சல் நிலமோ, ஆடுகள் மேய்கின்றன, தூரத்தில் வீட்டுக்காரர் டிராக்டரில் போகிறார். நீங்கள் எல்லாரும் இறங்கிவிட்டீர்கள். நான் படியிலேயே நின்றுவிட்டேன். கேட்காமல் அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பதா? "அப்பா, இது எல்லாரும் நடக்கிற பாதை, யாரையும் கேக்க வேணாம்" என்று நீ கத்தினாய். நான் டிராக்டர்காரர் திரும்பிப் பார்க்கும்வரை நின்று, அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். அவர் கையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் இறங்கினேன். கீத் சிரித்தார், டேவிட் சிரித்தான். நீ மட்டும் சிரிக்கவில்லை. சட்டென்று முன்னால் நடந்துபோய்விட்டாய்.

கல்யாணம் சனிக்கிழமை. வியாழக்கிழமை காலை அடுக்களையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நீ என் எதிரில் வந்து உட்கார்ந்தாய். கை துடைக்கிற துணியை மடித்தாய், பிரித்தாய், மறுபடி மடித்தாய். அப்புறம், "அப்பா, இங்க பொண்ணை அவங்க அப்பா கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வருவாங்க. நீங்க என்கூட நடந்து வருவீங்களா?" என்று கேட்டாய்.

மல்லிகா, ரங்கூனிலிருந்து கிளம்பும்போதே உன் அம்மா இதைச் சொல்லித்தான் அனுப்பினாள். முழங்கால் ஆபரேஷன் ஆகி அவளால் வர முடியவில்லை அல்லவா, அவள் மனசு முழுக்க அதில்தான் இருந்தது. "அங்க அப்பன்தான் பக்கத்துல நிப்பானாம். நீங்க நிமிந்து நிக்கணும்" என்று சொல்லி, பசுந்தாங் தையல்காரரிடம் நின்று எனக்கு அந்தக் கறுப்புக் கோட்டைத் தைத்து வாங்கினாள். நான் அந்தக் கேள்விக்காக ஆறாயிரம் மைல் பறந்து வந்தவன். நீ கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது, வெங்காயம் என்று வைத்துக்கொண்டேன். வாய் சொன்னது: "யபாடே ம்மா. எனக்கென்னத்துக்கு அதெல்லாம்? எனக்கு இங்கத்திப் பழக்கம் தெரியாது. கீத்தையே வரச் சொல்லேன், ஊருக்காரரு."

"சரிப்பா" என்றாய். எழுந்து போய்விட்டாய்.

இனி எழுதப்போவது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது. வெள்ளிக்கிழமை முழுக்க நீ இன்னொரு தடவை கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டால் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு தயாராக உட்காருவேன். நீ துணி எடுக்க வந்தாய், போனாய். மத்தியானம் எல்லாரும் மண்டபத்துக்கு அலங்காரம் பார்க்கப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கோட்டைப் போட்டேன். ஜன்னலிலிருந்து அலமாரி வரைக்கும் நடந்து பார்த்தேன். கையை எவ்வளவு மடக்க வேண்டும், நீ எந்தப் பக்கம் வருவாய், உன் உடுப்பு தரையில் இழுபடுமே, அதை மிதிக்காமல் எப்படிக் கால் வைப்பது என்றெல்லாம் பார்த்தேன். அலமாரிக் கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது ஆள் ஒன்றும் மோசமில்லை என்று பட்டது. பத்துப் பதினைந்து தடவை நடந்திருப்பேன். மூன்றாம் தடவை கேட்டால் சரி என்று சொல்ல வேண்டியதுதான், எல்லாம் தயார். நீ இரண்டாம் தடவையே கேட்கவில்லை.

சனிக்கிழமை அந்த மலையடிவாரத்துக் கல் கட்டடத்தில் என்னை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். வாத்தியம் தொடங்கியதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவு திறந்தது. நீ வந்தாய். உன் கை கீத்தின் கைக்குள் இருந்தது. அவர் நல்ல மனுஷர், அழகாக நடந்தார், உன் உடுப்பை மிதிக்கவில்லை. நான் கையைத் தட்டினேனா, சிரித்தேனா, ஒன்றும் நினைவில்லை. என்னைத் தாண்டும்போது ஒரு நொடி என்னைப் பார்த்தாய். நான் தலையை ஆட்டினேன், எல்லாம் சரியாகப் போகிறது என்கிற மாதிரி. என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களிலேயே பெரிய பொய் அந்தத் தலையாட்டல்தான்.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் நீ என்னை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு மறுபடியும் அந்த மலைக்குப் போனாய். உச்சியில் பாறை விளிம்பு சுவர் மாதிரி நீண்டு கிடந்தது. உட்கார்ந்தோம். காற்று காதை அடைத்தது. நீ கேட்டாய்.

"அப்பா, மூணு தடவை கேக்கணும்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

நான் கீழே மேய்கிற ஆடுகளைப் பார்த்தேன்.

"தெரியும்பா. வேணும்னேதான் ஒரு தடவையோட விட்டேன். நான் கேக்கிற ஒரு விஷயத்துக்காவது உடனே சரின்னு சொல்வீங்களான்னு பாத்தேன். எனக்குன்னு ஒரே ஒரு தடவை." உன் குரல் உடைந்தது. "கீத் கையைப் பிடிச்சு நடக்கும்போது, நீங்க எந்திரிச்சு வந்துருவீங்கன்னு கடைசி வரைக்கும் நினைச்சேன்."

அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும், நீதான் கேட்டாயே. "யபாடே ம்மா, அதனால என்ன, கல்யாணம் நல்லா நடந்துச்சில்ல." அழுகிற பெண்ணிடம் அதைச் சொன்னேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு கார் சாவியை எடுத்தாய். இறங்கும் வழியெல்லாம் ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நான்கு மாடி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்ததும் உன் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்தப் பக்கம் நின்னீங்க?" என்பதுதான். மென்று விழுங்கிச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு, "நின்னுட்டு வாங்கன்னு அனுப்பினா, உக்காந்துட்டு வந்திருக்கீங்களே!" என்றாள். ஒரு வாரம் எனக்குச் சோறு போட்டாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோட்டை அலமாரிக்குள் வைக்கவும் மனமில்லாமல், போடவும் இடமில்லாமல், பீரோ மேல் சுருட்டிப் போட்டிருக்கிறாள்.

இதையெல்லாம் கூச்சம் என்றும் மரியாதை என்றும் சொல்லிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அது அகம்பாவம். நான் வாயைத் திறந்து கேட்க மாட்டேன், எதிரில் இருப்பவர் கெஞ்ச வேண்டும், கெஞ்சினால்தான் எனக்கு என் மதிப்பு தெரியும். பர்மாக்காரர்கள் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அடுத்தவருக்குச் சிரமம் தரக்கூடாது என்ற நல்ல மனசு இருக்கும். நான் அதை எடுத்து என் வீட்டுக்குள்ளேயே, பெற்ற பெண்ணிடமே விலை ஏற்றிக்கொள்ளப் பயன்படுத்தினேன். அரம் நல்ல அரம்தான், ராவத் தெரியாதவன் கையில் கிடைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். அம்மாவிடம் பேசினாய். தை மாதம் குழந்தை பிறக்கும் என்றாய். அவள் கத்திய கத்தலில் டோ மியா கதவைத் தட்டி என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனார். பிரசவத்துக்கு வந்து இருக்கிறியாம்மா என்று நீ கேட்டு முடிப்பதற்குள் அவள், "வர்றேன்டி, வர்றேன்டி" என்று சொல்லிவிட்டாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு! எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு போனை என்னிடம் கொடுத்தாள். நீ மழை எப்படி என்று கேட்டாய். தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டாய். மருந்து சாப்பிடுகிறேனா என்று கேட்டாய். வருகிறீர்களா என்று மட்டும் என்னைக் கேட்கவில்லை.

கோபமில்லை, கண்ணு. நீ ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். இன்னொரு தடவை அந்தச் சொல்லைக் காதில் வாங்க உன்னால் முடியாது.

உன் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு யோசனை சொல்லத் தகுதி இல்லை. ஆனாலும் கிழவன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. பசித்தால் பசிக்கிறது என்று சொல்லப் பழக்கு. அது முறை தெரியாத பிள்ளை என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி, தனியாக விமானம் ஏற மாட்டாள், அதனால் துணைக்கு நானும் வருகிறேன் என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். இரண்டு கோடு போட்டு அடித்திருக்கிறேன், படத்தில் தெரியும். அது மறுபடியும் அதே வேலைதான். அவள் தனியாகவே வருவாள், உன் அம்மாவை எனக்குத் தெரியாதா?

மல்லிகா, எனக்கு வரணும். உன் பிள்ளையைக் கையில் வாங்கணும். அதற்கும் முன்னால் உன்னைப் பார்க்கணும். நீ கூப்பிடவில்லை, நானே கேட்கிறேன். நானும் வரட்டுமா?

அப்பா